முதல் பிஸ்டன் மட்டும்

கொடி இறங்கியதும் ஷரபுதீனின் மஞ்சள் கார் பின்சக்கரங்கள் புகைய முன்னால் பாய்ந்தது. பக்கத்தில் ஈப்போ மெக்கானிக் ஆ கியோங் தயார் செய்த சிவப்புக் கார். மஞ்சள்தான் ஒரு முழம் முந்தியிருந்தது.

தெலுக் இந்தானுக்கு வெளியே, எண்ணெய்ப்பனைக்கு மருந்தடிக்கும் விமானம் ஒரு காலத்தில் வந்திறங்கிய ஓடுதளம் அது. இப்போது விமானம் வருவதில்லை. மோட்டார் கிளப்காரர்கள் தோட்டத்து மேனேஜரிடம் அனுமதி வாங்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மைல் பந்தயம் வைத்தார்கள்.

ஐயாவு ஓரத்தில், வெட்டிப்போட்ட பனைமட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கார் புறப்படுமுன் வழக்கம்போல் அதன் மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்திருந்தான். அந்த எஞ்சின் அவன் கையில் உருவானது. அவன் மனைவியின் தம்பி சன்னாசி பக்கத்தில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தான்.

பாதித் தூரத்தில் சத்தம் மாறியது.

மற்றவர்கள் உணருமுன் ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது. சீறிக்கொண்டு போன எஞ்சின் தொண்டையில் முள் சிக்கியதுபோல ஒரு முறை கரகரத்தது. அடுத்த கணம் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் குறுக்கே திரும்பி, வழுக்கி, புல்லில் இறங்கி, சேற்றுக் கால்வாயின் விளிம்பில் போய் நின்றது.

ஷரபுதீன் கதவைத் திறந்து வெளியே வந்தான். காயமில்லை. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எஞ்சின் கடிச்சிக்கிச்சு அண்ணே," என்றான் ஐயாவைப் பார்த்து. "உங்க பூச்சு பூசுன பிஸ்டன் கடிக்கவே கடிக்காதுன்னு சொன்னீங்களே?"

ஐயாவு காரடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். எதிர்ப்பக்கத்தில் ஆ கியோங் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு இந்தப் பக்கமாகப் பார்ப்பது தெரிந்தது. ஆ கியோங் யாரையோ பார்த்துத் தலையசைத்தான். ஐயாவு திரும்பினான். அங்கே நின்றது சன்னாசி.

சந்தேகம் அந்த இடத்தில்தான் முளைத்தது.

*

ஐயாவின் பூச்சு அவன் ஊரான ஜெலாப்பாங் வட்டாரத்தில் பேர் வாங்கிய சங்கதி. பந்தயத்துக்காக எஞ்சினை முறுக்கும்போது பிஸ்டன் சூட்டில் வீங்கும். சிலிண்டர் சுவரோடு அதன் பக்கவாட்டு உரசும். எண்ணெய் ஒரு நொடி விலகினாலும் சிலிண்டரின் இரும்பைப் பிஸ்டனின் அலுமினியம் கடித்துக்கொண்டு எஞ்சின் இறுகிவிடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பூச்சு. மோட்டார் சுருள் கட்டும் கடையில் கம்பிக்குப் பூசுகிற வார்னிஷில், மை போன்ற கிராபைட் பொடியைக் கலப்பான். வேறு ஒரு பொடியும் உண்டு. அதன் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பிஸ்டனின் பக்கவாட்டில் மெல்லிய படலமாகத் தெளித்து அடுப்பில் சுட்டால் கரும்பலகை நிறத்தில் இறுகிவிடும்.

பகலில் லாரிப் பட்டறையில் வேலை. ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடிய வருடம் அது. லாரிகளுக்கு வேலையில்லை, பட்டறைக்கும் வேலையில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் செய்கிற பூச்சு வேலைதான் குடும்பத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. ரொட்டிக் கடைக்காரர் தூக்கிப்போட்ட தகர அடுப்பை வாங்கி வந்து, கேஸ் வளையம் வைத்து, அவனே ஒட்டுப்போட்டிருந்தான். சூடு பார்க்க ஒரு மூடியில் கொஞ்சம் சீனி வைப்பான். சீனி உருகிப் பொன்னிறமானால் சூடு சரி.

அந்தக் கொட்டகையில் நுழைய அனுமதி உள்ளவர்கள் இருவர். ஐயாவு. சன்னாசி.

சன்னாசி அந்த வீட்டிலேயே வளர்ந்தவன். தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிப் பனை நட்டபோது குடும்பங்கள் சிதறின. அப்போது அக்கா வீரம்மாவோடு ஜெலாப்பாங் வந்தவன்தான். ஐயாவின் தங்கை நவமணிக்கும் அவனுக்கும் தைப்பூசம் கழித்துக் கல்யாணம் என்று பரிசம் போட்டாகிவிட்டது. நவமணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள்தான் அந்தப் பந்தயம்.

*

திங்கட்கிழமை சாயங்காலம். தகரத்தில் மழை கொட்டியது. ஐயாவு எஞ்சினைப் பிரித்தான். சன்னாசி ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தான். வீரம்மா பால் விடாத கோப்பி ஓவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வாசலிலேயே வைத்தாள். உள்ளே வரக்கூடாது என்பது சட்டம்.

நான்கு பிஸ்டன்கள் வெளியே வந்தன. மூன்றாவது கடித்துக்கொண்டு உருக்குலைந்திருந்தது. இரண்டாவதும் நான்காவதும் பாதிக் காயத்தோடு தப்பியிருந்தன. ஐயாவு அவற்றைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

கரும் பூச்சு உரிந்திருந்தது. முழுவதும் அல்ல. பக்கவாட்டின் நடுவில், அடுத்தடுத்து மூன்று இடங்களில். மூன்றும் நீள்வட்டம். மூன்றும் விரல் நுனி அளவு. அங்கிருந்துதான் கீறல் தொடங்கி விரிந்திருந்தது.

இரண்டாவதில் மூன்று. நான்காவதில் மூன்று. உருக்குலைந்த மூன்றாவதில்கூட ஒன்றின் ஓரம் தெரிந்தது.

முதல் பிஸ்டன் மட்டும் பூச்சு குலையாமல், புதிதுபோல் இருந்தது.

ஐயாவு நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எவனோ எண்ணெய்க் கையால தொட்டிருக்கான்."

"என்ன மாமா?"

"பூசுறதுக்கு முன்னாடி. திண்ணர்ல கழுவி நான் வெச்சதுக்கு அப்புறம். துளி எண்ணெய் பட்டாலும் மேல பூச்சு ஒட்டாது. பார்க்க ஒட்டுன மாதிரி இருக்கும். சூடு ஏறுனா உரிஞ்சிடும். இது தெரிஞ்சவன் வேலை."

இது தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்று இருவருக்கும் தெரியும்.

*

பந்தயத்துக்கு முந்தின நாள், பூச்சுப் போட்ட அந்தச் சனிக்கிழமையை ஐயாவு மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தான்.

காலையில் பிஸ்டன்களைத் திண்ணரில் கழுவி, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தான். எப்போதும்போலக் குளித்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்தான். தோட்டத்து ஆலையில் எஞ்சின் ஓட்டிய நாளிலிருந்தே குளிக்காமல் எஞ்சினைத் தொடமாட்டான். அடுப்பைப் பற்றவைக்கப் போனால் கேஸ் தீர்ந்திருந்தது. மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் கடைக்குப் போய்ப் புதுக் கேஸ் சிலிண்டரோடு திரும்பினான். சவுக்காரத்தூள் போட்டுக் கை கழுவினான். தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பூச்சைத் தெளித்தான். சுட்டான். அவ்வளவுதான்.

கேஸ் வாங்கப் போன நேரத்தில் கொட்டகையில் இருந்தது யார்? சன்னாசி, தனியாக.

மறுநாள் பொதுக்குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருளாயி அதற்கு எண்ணெய் ஊற்றினாள்.

"ஏன் ஐயாவு, ஒம் மச்சினன் ஈப்போவுக்கு வேலைக்குப் போறானாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் பார்த்தேன். போன வாரம் முக்கு கோப்பிக்கடையில அந்தச் சீனன் கார்க்காரன்கூட உக்காந்து ரோத்தி சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். காசு சீனன்தான் குடுத்தான். நான் எதுக்குப் பார்க்கப் போறேன், கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்லா."

ஐயாவு வாளியை நிரம்ப விடாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

முதலில் வீரம்மாவைக் கூப்பிட்டான்.

"கையை நீட்டு."

"என்ன, மோதிரம் செய்யப் போறீங்களா?" என்று சிரித்தபடி நீட்டினாள். இரண்டாவது பிஸ்டனை எடுத்து அவள் விரல்களை அந்த மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தான். அவள் சிரிப்பு நின்றது. விரல்கள் சின்னவை. பொருந்தவில்லை.

நவமணியைக் கூப்பிட்டான். அவள் விரல்கள் இன்னும் மெலிந்தவை.

"இப்ப தம்பியை அளக்கப் போறீங்க," என்றாள் வீரம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்குத்தானே எங்க ரெண்டு பேரையும் முன்னால நிறுத்துனீங்க?"

வேலை முடிந்து வந்த சன்னாசி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கையை நீட்டினான். விரல்கள் பொருந்தின.

"ஆம்பள விரல் எல்லாம் பொருந்தத்தான் செய்யும்," என்றான் சன்னாசி.

"ஆ கியோங்கூட என்ன பேசுன?"

சன்னாசி தயங்கினான். அந்தத் தயக்கம் ஐயாவுக்குப் போதுமானதாக இருந்தது.

"வேலைக்குக் கூப்பிட்டான் மாமா. சம்பளம் கூடத் தாரேன்னான். யோசிச்சுச் சொல்றேன்னேன். கல்யாணம் வருது, நாளைக்கே தனிக்குடித்தனம்னா..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படித்தான் பார்ப்பீங்கன்னு தெரியும். அதான் சொல்லல."

"பூச்சைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாதே. அந்த ரெண்டாவது பொடி பேரை நீங்க எனக்கே சொன்னதில்லையே மாமா. இத்தனை வருஷம் ஆச்சு."

வீரம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நவமணி மட்டும் நகரவில்லை.

"அண்ணே," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கெடுக்கணும்னு வந்தவன் நாலையும் தொட்டிருக்க மாட்டானா? மொத பிஸ்டனை மட்டும் எதுக்கு விட்டான்?"

"அவசரம். நான் வந்துட்டேன்னு பயந்திருப்பான்."

"அவசரக்காரன் ஒவ்வொண்ணுலயும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி, அளந்து வெச்ச மாதிரியா தொடுவான்?"

ஐயாவுக்குக் கோபம்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமை முனீஸ்வரர் முன்னால சூடம் ஏத்துறேன். அவன் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பண்ணுனா கல்யாணம். இல்லன்னா இல்ல."

*

வீடுகளுக்குப் பின்னால், பழைய ஈயச்சுரங்கக் குட்டை ஓரத்தில், மூங்கில் புதரடியில் முனீஸ்வரர் இருந்தார். தோட்டத்தை விட்டு வந்தபோது அங்கிருந்து தூக்கிவந்து நட்ட சூலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். விஷயம் பரவியிருந்ததால் வழக்கத்தைவிடக் கூட்டம். இருளாயி முன்வரிசையில்.

ஐயாவு வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினான்.

"அணை."

சன்னாசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அணைக்க மாட்டேன் மாமா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"ஏன்? பயமா?"

"பயம் இல்ல. நான் எத்தனை தடவை இந்த வீட்டுச் சாவியை வெச்சிருந்திருக்கேன்? எத்தனை எஞ்சின் நான் கோத்துக் குடுத்திருக்கேன்? அப்பல்லாம் சத்தியம் கேக்கல. இன்னிக்கி ஊர் முன்னால நிறுத்திக் கேக்குறீங்க. செஞ்சவன்தான் சத்தியம் பண்ணித் தப்பிக்கணும். நான் எதுக்குத் தப்பிக்கணும்?"

"தம்பி, அணைச்சுட்டுப் போயிடுடா," என்றாள் வீரம்மா. கெஞ்சினாள். "ரெண்டு நிமிஷ சூடுடா."

"சூடு இல்லக்கா. அணைச்சா, சந்தேகப்பட்டது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. வெற்றிலை கருகிச் சுருண்டது. சன்னாசி நவமணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. அவன் வீட்டுக்குப் போய் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு பஸ் ஏறினான். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகு எஞ்சின் பார்க்கும் பட்டறை ஒன்றில் தெரிந்தவர் இருந்தார்.

"பார்த்தியா, அணைக்கல," என்று இருளாயி போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டில் பேச்சு நின்றது. வீரம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வேலைக்குக் கட்டிக் கொடுத்தாள். எல்லாம் வாய் திறக்காமல். மூன்றாம் நாள் அவனுக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பல் வைத்தபோது மட்டும் பழக்க தோஷத்தில் சன்னாசிக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். பிறகு அதை எடுத்து உள்ளே வைத்தாள். தையல்காரி ரவிக்கையை அனுப்பியிருந்தாள். நவமணி பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

*

அடுத்த மாதமும் பந்தயம் இருந்தது. ஷரபுதீன் புதுப் பிஸ்டன்களோடு வந்தான். தெலுக் இந்தானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுவின் மகன் அவன். வரும்போதெல்லாம் கடையிலிருந்து மீ கோரெங் கட்டிக்கொண்டு வருவான். இந்த முறை வெறுங்கையோடு வந்தான்.

"அண்ணே, மன்னிச்சுக்கணும். வாப்பா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சாரு."

"சொல்லு தம்பி."

"மச்சினனைக் காட்டிட்டு, ஆ கியோங்கிட்ட விலை போனது ஐயாவாவே ஏன் இருக்கக்கூடாதுன்னு கேக்குறாரு. நான் இல்லன்னுதான் சொன்னேன். ஆனா அன்னிக்கி அந்தக் கால்வாயில தலைகீழா போயிருந்தா நான் மையித்துதான். அதனால இன்னிக்கி பூரா இங்க உக்காந்து கண்ணால பார்க்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

ஐயாவுக்குக் காது சூடேறியது. தன் விரலை யாராவது அளப்பார்கள் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

"உக்காரு," என்றான். "நல்லா பாரு. கதவையும் சாத்திக்க."

ஷரபுதீன் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். ஞாயிறு பகல் வெயில் தகர ஓட்டை வழியாகப் பட்டைகளாக விழுந்தது. ஐயாவு பிஸ்டன்களைத் திண்ணரில் கழுவினான். மறுபடி கழுவினான். துணியில் வரிசையாக வைத்தான். குளிக்கப் போனபோது ஷரபுதீன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஐயாவு தலை வாரி, திருநீறு பூசி வந்தான். சவுக்காரத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக் கையை விரித்துக் காட்டினான்.

"பார்த்தியா? சுத்தம்."

"பார்த்தேன்."

ஐயாவு வரிசைக்கு முன்னால் குனிந்தான். பிறகு தெளிப்பானை எடுத்தான்.

"அண்ணே, இருங்க," என்றான் ஷரபுதீன். "ஒண்ணு கேக்கலாமா? அதுவும் வேலையில சேத்தியா?"

"எது?"

"இப்ப செஞ்சீங்களே."

"என்ன செஞ்சேன்? கை கழுவுனேன்."

"கழுவுனதுக்கு அப்புறம். ஒவ்வொரு பிஸ்டனையும் தொட்டீங்க. தொட்டுட்டுக் கண்ணுலயும் நெத்தியிலயும் ஒத்திக்கிட்டீங்க. நாலையும்."

"நான் தொடவே இல்லையே!"

"தொட்டீங்க. மூணு விரலால."

ஐயாவு அவனை வெறித்துப் பார்த்தான். இவன் விளையாடுகிறானா? பிறகு தன் வலது கையைப் பார்த்தான். மூன்று விரல் நுனிகளிலும் மெல்லிய மினுமினுப்பு. திருநீற்றின் வெள்ளையும் கொஞ்சம்.

தொட்டுக் கும்பிடுவது. மோட்டரைக் கிளப்பும்போது, ஸ்பேனரை எடுக்கும்போது, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வாங்கும்போதுகூட. அப்பன் அப்படி, ஆலையில் எல்லோரும் அப்படி. வீட்டில் யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் எல்லோரும் செய்வது அது. மூச்சுவிடுவதை யார் பார்க்கிறார்கள்? அந்தச் சனிக்கிழமையை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் 'தொட்டுக் கும்பிட்டேன்' என்பது ஒவ்வொரு முறையும் கண் முன்னாலேயே ஓடிப் போயிருக்கிறது.

"தண்ணி," என்றான்.

ஷரபுதீன் குவளையில் தண்ணீர் கொடுத்தான். ஐயாவு முதல் பிஸ்டனைத் துணியால் பிடித்து, அதன்மேல் மெதுவாக ஊற்றினான். தண்ணீர் கண்ணாடிபோல் பரவி மூடியது. எங்கும் பிரியவில்லை.

இரண்டாவது. தண்ணீர் பரவியது. நடுவில் விலகியது. மூன்று சிறிய வட்டங்களை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதிலும்.

"முதலாவதுல ஏன் இல்ல?" என்றான் ஷரபுதீன் எழுந்து வந்து.

"அதைத் தொட்டப்போ கை சுத்தமா இருந்துச்சு." ஐயாவு தன் நெற்றியைத் தடவினான். தலையிலிருந்து இறங்கிய தேங்காய் எண்ணெய் வேர்வையோடு பிசுபிசுத்தது. "தொட்டுட்டு நெத்திக்குக் கொண்டுபோயிருக்கேன். அதுக்கப்புறம்தான் ரெண்டாவதைத் தொட்டிருக்கேன். மத்த நாள் காலையிலேயே பூசிடுவேன், வேர்வை இருக்காது; அன்னிக்கி கேஸுக்கு அலைஞ்சு வெயில்ல வந்தேன், இன்னிக்கும் பகல் வெயில்."

ஷரபுதீன் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுல பிஸ்மி சொல்லித்தான் எதையும் தொடங்குவோம் அண்ணே. அது வாயோட போயிடும். உங்களுது கையோட வந்திருக்கு."

ஐயாவு தெளிப்பானைக் கீழே வைத்தான். கதவைத் திறந்தபோது அடுப்படி ஜன்னலில் வீரம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வாரக்கணக்கில் பேசாதவள் அப்போது பேசினாள்.

"போய்ச் சொல்லுங்க. ஆள் விடக்கூடாது. நீங்களே போங்க."

*

ஹுத்தான் மெலிந்தாங்கில் தண்ணீர் வடிந்திருந்தது. சேற்றில் படகுகள் சாய்ந்து கிடந்தன. காய்ந்த இறால் வாசனை மூக்கில் அறைந்தது. பலகைப் பாலத்தின் முனையில் சன்னாசி ஒரு படகுக்குள் குனிந்திருந்தான். ஐயாவு வந்ததை அவன் பார்க்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது போலிருந்தது. சன்னாசி கையைத் துடைத்தான். எஞ்சினைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

பதினைந்து வருடம் கூடவே வேலை செய்தவன். அவன் அப்படிச் செய்வதை ஐயாவு அன்றுதான் பார்த்தான்.

"சன்னாசி."

நிமிர்ந்தவன் முகம் இறுகியது. எஞ்சினை நிறுத்தினான். "என்ன மாமா, சூடம் கொண்டாந்தீங்களா?"

ஐயாவு பையிலிருந்து அந்தப் பழைய இரண்டாவது பிஸ்டனை எடுத்தான்.

"மறுபடியும் என் விரலா?"

"இல்லடா. எம் விரல்."

மூன்று விரல்களை அந்த மூன்று இடங்களில் வைத்தான். பிறகு எடுத்து, நெற்றிக்குக் கொண்டுபோய், மறுபடி பிஸ்டனில் வைத்தான். சன்னாசி பார்த்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் தெரிந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"நாலாவது வரைக்கும் கும்பிட்டீங்களா?"

"நாலையும்."

"அப்ப சாமி காப்பாத்துனது மொதல் ஒண்ணை மட்டும்தான்." சன்னாசி சிரிக்கத் தொடங்கினான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "நவமணி கேட்டுச்சுல்ல மாமா? மொத பிஸ்டனை மட்டும் ஏன் விட்டான்னு. அன்னிக்கே நீங்க நின்னு யோசிச்சிருக்கலாம்."

"தப்புதான். வா, போலாம்."

"எங்க போலாம்? எல்லார் முன்னாலயும் நிறுத்திக் கேட்டீங்க. இங்க சேத்துல வெச்சு, நண்டு முன்னால சொன்னா ஆச்சா?"

ஐயாவு தலையசைத்தான். "வெள்ளிக்கிழமை. அதே எடத்துல."

"இன்னொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் தனி வீடு. அந்த வீட்டுல இனிமே நான் இருக்க முடியாது. வேலைக்கு வாரேன். ஆனா அந்த ரெண்டாவது பொடி பேரு எனக்குத் தெரியணும்."

மேலே கடல்காக்கை ஒன்று கத்திக்கொண்டு போனது. ஐயாவு குனிந்து அவன் காதில் பெயரைச் சொன்னான்.

*

வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. ஐயாவு சூடத்தைக் கொளுத்தி, உரக்கச் சொன்னான். "பிஸ்டனைத் தொட்டது எங் கை. எங் கையைத் தவிர எல்லார் கையையும் நான் சந்தேகப்பட்டேன்."

"அப்ப சூடம் அணைக்க வேண்டியது யாரு?" என்றாள் இருளாயி, யாரையும் பார்க்காமல்.

ஐயாவு உள்ளங்கையை நீட்டினான். சன்னாசி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாமா. நாளைக்கி அந்தக் கை வேலைக்கு வேணும். வார ஞாயித்துக்கிழமை பந்தயம்."

சனிக்கிழமை கொட்டகையில் ஷரபுதீன் அதே எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் மீ கோரெங் பொட்டலம். கதவு திறந்திருந்தது. வாசலில் வீரம்மாவும் நவமணியும் நின்றார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. கழுவிய பிஸ்டன்கள் வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தன.

ஐயாவு குனிந்தான். அவன் வலது கை தானாக முன்னால் போனது.

"அண்ணே, கை!" என்று நவமணி கத்தினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவு கையை இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பூச்சைத் தெளித்தது சன்னாசி. மூடியில் சீனி உருகிப் பொன்னிறமானது. அடுப்பு எரிந்து, அணைந்து, ஆறத் தொடங்கியது. கரும்பலகை நிறத்தில் நான்கும் வெளியே வந்தன. சன்னாசி ஒவ்வொன்றின்மேலும் நகத்தால் கீறிப் பார்த்தான். அசையவில்லை.

"இப்ப கும்பிடலாம் மாமா," என்றான்.

ஐயாவு பையிலிருந்து கையை எடுத்தான். முதல் பிஸ்டனைத் தொட்டான். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வீரம்மாவும் நவமணியும் அடுத்த இரண்டையும் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். கடைசியாக ஷரபுதீனும் எழுந்து வந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி நான்காவதைக் கையில் எடுத்தான்.